ஆலைச் சீட்டும் செயலிக் கணக்கும்: ஒரு செம்பனைத் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த விவகாரம் தொழிலாளர் புகாரில் வெளிவரவில்லை. மலேசியாவின் தெற்குக் கெடாவில், சுங்கை பட்டாணியிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிற ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தின் சம்பளப் பட்டியலைக் கோலாலம்பூர் தலைமையகத்தின் கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பத்தி மாதாமாதம் பெருத்துக்கொண்டே வந்தது. குறைந்தபட்சச் சம்பளத்தை எட்டாதவர்களுக்கு நிறுவனம் போட்டுத் தரும் ஈட்டுத் தொகைதான் அந்தப் பத்தி. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன் 1,500. வெட்டிய பழக்குலையின் எண்ணிக்கைப்படி சம்பளம் வாங்கும் வெட்டுக்காரருக்கும் இது பொருந்தும். அவருடைய கணக்கு 1,700-ஐத் தொடாவிட்டால் மீதியை முதலாளி நிரப்ப வேண்டும்.

ஆகவே ஈட்டுத் தொகை கூடுவதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரம்பு 200 ரிங்கிட் ஏறினால் ஈடும் ஏறத்தானே செய்யும். ஆனால் வரம்பு ஒரே தடவைதான் ஏறியது, ஈடு அதற்குப் பிறகும் நிற்காமல் ஏறியது. ஆட்கள் வேலையில் மந்தமாகிவிட்டார்களா என்று தலைமையகம் மேனேஜருக்கு எழுதிக் கேட்டது. தோட்டத்து ஆபீஸ் கிராணி (எழுத்தர்), ஒரு பெண்மணி, பழைய ஏடுகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் யாரும் எதிர்பார்க்காதது. வெட்டிய குலையின் எண்ணிக்கை குறையவில்லை. ஆலைக்குப் போன டன் கணக்கும் குறையவில்லை. காசு கிடைக்காத குலைதான் கூடியிருந்தது.

அந்தக் குலைகளுக்குக் காசு இல்லை என்று முடிவு செய்தது கைபேசிச் செயலிக்குள் இருந்த ஒரு செயற்கை நுண்ணறிவு வசதி. அதை அப்படி முடிவு செய்ய விட்டது யார் என்று கண்டுபிடிக்கத்தான் வெளியிலிருந்து என்னை அழைத்தார்கள். ஆளுகை, இடர், இணக்கம் என்று நிறுவனங்கள் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் வேலை என்னுடையது. தோட்டம், செயலி, ஆட்கள் ஆகியோரின் பெயர்கள் இங்கே வராது.

செயலி வந்த வழி

ஊரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) காடு, இப்போது செம்பனை. தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளுக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தமிழர்கள் மண்டோர் (வெட்டு வேலையை மேற்பார்ப்பவர்), லாரி டிரைவர், கிராணி, சில பழைய வெட்டுக்காரர்கள். குலை வெட்டுவதில் பெரும்பகுதி இந்தோனேசியாவின் லோம்போக்கிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

செயலியை வாங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் காடழிப்புக்கு எதிரான ஒரு விதியைச் சட்டமாக்கியது. அந்தச் சந்தைக்குப் போகும் செம்பனை எண்ணெய், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வரவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு நிலத்தின் இருப்பிட விவரம் வேண்டும். விதி நடைமுறைக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும், வாங்குகிறவர்கள் முன்கூட்டியே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உள்நாட்டிலும் எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்று 2020 முதல் கட்டாயம். எந்தக் குலை தோட்டத்தின் எந்தப் பிளாக்கிலிருந்து (பகுதியிலிருந்து) வந்தது என்று எழுதி வைக்காத தோட்டத்துக்கு இனி சிரமம்தான். சாலையோர மேடையில் வெட்டுக்காரர் குலையை அடுக்கி வைத்ததும் மண்டோர் போனில் படம் எடுப்பார். ஜி.பி.எஸ். இடம், பிளாக் எண், வெட்டுக்காரர் எண் மூன்றும் படத்தோடு பதிவாகும். இயக்குநர் வாரியத்துக்குப் போன தாளில் இது மட்டும்தான் இருந்தது. இடர்ப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள்: காட்டுக்குள் லைன் கிடைக்காமல் போகலாம், சர்வர் நின்று போகலாம், போன் தொலையலாம். தப்பில்லை.

அப்புறம் ஒரு மேம்பாடு வந்தது. எடுத்த படத்தைப் பார்த்துக் குலை பழமா காயா என்று செயலியே சொல்லும், கூடுதல் கட்டணம் கிடையாது என்று மென்பொருள் நிறுவனம் அறிவித்தது. மேனேஜருக்குப் பிடித்துப்போனது. காய்க்குலை வெட்டுவது உண்மையிலேயே தோட்டத்துக்கு நட்டம், அதில் எண்ணெய் குறைவு. அவர் தலைமையகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டார். சுற்றுச்சூழல், சான்று விவகாரங்களைப் பார்க்கும் நிலைத்தன்மைப் பிரிவு நன்றி சொல்லிப் பதில் போட்டது. பிறகு சம்பள மென்பொருளோடு செயலியை இணைத்தபோது, கோப்பில் 'ஏற்றது', 'ஏற்காதது' என்று இரண்டு பத்திகள் இருந்தன. இணைத்தவர் 'ஏற்றது' பத்தியைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். அவரைக் கேட்டால், எண்ணிக்கை எங்கே என்று கேட்டார்கள், கொடுத்தேன் என்கிறார். இயந்திரத்தின் தீர்ப்பைச் சம்பளத்தோடு கட்டுவது என்ற முடிவு எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை.

இலவசமாக வந்ததுதான் இதில் பெரிய ஓட்டை. அந்த நிறுவனத்தின் கொள்முதல் விதிகள் கறாரானவை. ஒரு தொகைக்கு மேல் போனால் மூன்று கையெழுத்து, அதற்கும் மேல் போனால் வாரியம். பணமே போகாத ஒரு மாற்றத்தை அந்த விதிகள் கண்டுகொள்ளவில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் இன்றும் கதை இதுதான். புதிய மென்பொருளுக்கு ஆயிரம் கேள்வி கேட்பார்கள், பழைய மென்பொருளுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு புதிதாக முளைத்த வசதிக்கு ஒரு கேள்வியும் இருக்காது.

பழமா, காயா

குலைத் தரம் பார்ப்பதற்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஒரு கையேடு வைத்திருக்கிறது. பழுத்த குலைக்கு நிறம் செம்மஞ்சள் என்று அது சொல்கிறது. ஆனால் முக்கியமாகப் பார்ப்பது பழம் உதிர்ந்த குழிகளை. குறைந்தது 10 பழமாவது புதிதாக உதிர்ந்த தடம் இருந்து, பாதிக்கு மேல் பழம் குலையிலேயே ஒட்டியிருந்தால் அது பழுத்த குலை. தடம் பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். கறுத்து, ஒரு தடமும் இல்லாமல் இருந்தால் காய். மண்டோர்கள் கையேட்டைப் படித்து இதைத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே அரிவாளை நீட்டச் சொல்வார்கள். அனுபவமுள்ள மண்டோர் குலையைக் காலால் புரட்டி மறுபக்கத்தையும் பார்ப்பார்.

படத்துக்கு மறுபக்கம் கிடையாது. குலையில் மரத்தை ஒட்டியிருந்த பக்கம் வெயில் படாமல் நிறம் குறைந்திருக்கும். அந்தப் பக்கம் மேலே கிடந்தால் பழுத்த குலையும் காயைப் போலத் தெரியும். உதிர்ந்த குழிகள் குலைக்கு அடியில் இருந்தால் படத்தில் வரவே வராது. வெட்டு காலை வெளிச்சம் சரியாக வருமுன்பே தொடங்கிவிடுகிறது. மட்டைகளுக்குக் கீழே அந்த நேரத்தில் போனில் எடுத்த படத்தில் சிவப்பெல்லாம் கறுப்பை நெருங்கி நிற்கும். மழை நாளில் நனைந்த குலை மினுங்கும், அப்போது வேறு விதமான தப்பு.

இதைவிடப் பெரிய சங்கதி மறுநடவு செய்த ஒரு பிளாக்கில் இருந்தது. சாதாரணமாக நாம் பார்க்கும் செம்பனைப் பழம் நைக்ரெசென்ஸ் வகை. காயாக இருக்கும்போது கருநாவல் நிறம், பழுக்கும்போது செம்மஞ்சள். விரெசென்ஸ் என்று இன்னொரு வகை உண்டு. அது காயில் பச்சை, பழுத்தால் ஆரஞ்சு. அந்தப் பிளாக்கில் விரெசென்ஸ் மரங்கள் கலந்திருந்தன. ஏற்காத குலைகளைப் பிளாக் வாரியாக அடுக்கிப் பார்த்தபோது அந்தப் பிளாக் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. செயலிக்கு எந்த வகைக் குலைப் படங்களைக் காட்டிப் பழக்கினீர்கள் என்று மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டோம். தொழில் இரகசியம் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அதைக் கேட்கும் உரிமையைத் தோட்டம் எழுதி வாங்கவில்லை.

மறுப்புச் சொல்ல 48 மணி நேரம்

மனித மேற்பார்வை இருந்ததா என்று கேட்டால், தாளில் இருந்தது. இரண்டு அடுக்காகவே இருந்தது. செயலியின் தீர்ப்பை மண்டோர் ஒரு பொத்தானைத் தட்டித் திருத்தலாம். அதோடு, வெட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மண்டோரும் எத்தனை சதவீதம் திருத்தினார் என்று மேனேஜரின் திரையில் வரும். ஓர் அளவைத் தாண்டினால் சிவப்பாக வரும். சிவப்பு வந்தால் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். ஒரு மண்டோர் என்னிடம் சொன்னது: "நாலு குலைய மாத்துனா கூப்பிட்டு கேக்குறாங்க சார். மாத்தாம விட்டா யாரும் கேக்குறது இல்ல. அப்புறம் நான் என்னத்துக்கு சார் மாத்தணும்?" அவரிடம் ஒரு பழைய தமிழ் வெட்டுக்காரர், "அண்ணே, பத்துப் பழம் உதிர்ந்து கெடக்கு பாருங்கண்ணே, இதப் போயி காய்ங்குது" என்று குலையைப் புரட்டிக் காட்டியிருக்கிறார். மண்டோருக்கும் அது பழம் என்று தெரியும். அன்றைக்கு ஏற்கெனவே மூன்று திருத்தியாகிவிட்டது, நான்காவதைத் திருத்தவில்லை. நாலைந்து மாதத்தில் திருத்தங்கள் ஏறக்குறைய நின்றே போயின. தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் அது 'செயலியின் துல்லியம் மேம்பட்டு வருகிறது' என்று இடம்பெற்றது. இந்த ஆய்வு முழுவதிலும் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்த வரி அதுதான். காவலுக்கு நிறுத்தியவரைக் குரைத்ததற்காகக் கண்டித்துவிட்டு, பிறகு திருட்டே இல்லை என்று எழுதிக்கொள்வது போல இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் கெடாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பார்த்துக்கொள்ள நல்ல கண்ணாடி. தொழிலாளரின் வேலையைக் கண்காணித்து மதிப்பிடும் கருவிகளை அது உயர் இடர் வகையில் வைக்கிறது. அதன் 14-ஆம் பிரிவு மனித மேற்பார்வையைப் பற்றியது. இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பிவிடும் மனிதச் சாய்வை அது பெயர் சொல்லியே எச்சரிக்கிறது, இயந்திரத்தின் முடிவைப் புறக்கணிக்கும் வாய்ப்பு மேற்பார்வையாளருக்கு இருக்க வேண்டும் என்கிறது. நம்முடைய மண்டோருக்குப் பொத்தான் இருந்தது, அதைத் தட்ட வழி இல்லை.

மறுப்பு முறை இன்னும் விநோதம். கெடாவில் அரசு வார ஓய்வு வெள்ளி, சனி. தோட்ட ஆபீசும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். தலைமையகத்துக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் ஓய்வு சனி, ஞாயிறு. மறுப்பு கிராணி வழியாக ஆபீசில் பதிவாகி, மென்பொருள் நிறுவனத்தின் ஆள் படத்தைத் திறந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும். வியாழன் மாலை ஏற்காத குலைக்கு வெள்ளி ஆபீஸ் இல்லை, சனிக்கிழமை ஆபீஸ் திறந்தால் அந்தப் பக்கம் ஆள் இல்லை, மாலைக்குள் 48 மணி நேரம் முடிந்துவிடும். குலையோ அதற்கு வெகு முன்பே ஆலைக்குப் போய் எண்ணெயாகிவிட்டது. குலை வெட்டிய மறுநாளுக்குள் அவித்தாக வேண்டும், வைத்திருந்தால் கொழுப்பு அமிலம் ஏறும். ஆதாரமே இல்லாத ஒரு பொருளுக்கு ஆள் இல்லாத நாளில் மேல்முறையீடு. கடிகார மணி நேரத்தை வைத்து இந்த விதியை எழுதியவர் இந்த மாநிலத்தின் நாட்காட்டியைப் பார்த்ததில்லை. செயலி மலாய், ஆங்கிலம் இரண்டில் மட்டும்தான் பேசும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலைச் சீட்டு

ஏற்காத குலைகளைத் தோட்டம் என்ன செய்தது? லாரியில் ஏற்றி ஆலைக்கே அனுப்பியது. வெட்டியாகிவிட்டது, காட்டில் விட்டு அழுகவிட முடியாது என்பது சரியான வாதம். ஆனால் வெட்டியவருக்குக் காசு இல்லாத குலை நிறுவனத்துக்கு எண்ணெய் கொடுத்தது. வழக்கை முடித்து வைத்ததும் இந்த விஷயம்தான்.

ஆலை வேறொரு நிறுவனத்தினுடையது. லாரி வந்ததும் அங்குள்ள தரப் பரிசோதகர் குலைகளைப் பார்த்து, காய் எத்தனை, அரைப்பழம் எத்தனை, அழுகல் எத்தனை என்று சீட்டு எழுதுவார். காய் இருந்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே காய்க்குலையைக் கண்டுபிடிப்பதில் இலாபம் உள்ளவர் அவர். செயலி காய் என்று ஒதுக்கிய குலைகளையும் சேர்த்து ஏற்றிப் போன அதே லாரிகளின் சீட்டுகளில் காய் எண்ணிக்கை அபூர்வம். வாங்குகிறவனே காய் என்று சொல்லவில்லை.

லாரிச் சீட்டில் பிளாக் எண் இருக்கிறது. செயலியிலும் பிளாக் எண் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். யாரும் வைத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஆலைச் சீட்டு விற்பனைக் கோப்பில் போகிறது, செயலி அறிக்கை நிலைத்தன்மைப் பிரிவுக்குப் போகிறது, சம்பளப் பட்டியல் மனிதவளப் பிரிவுக்குப் போகிறது. மூன்றும் ஒரே மனிதரின் மேசையில் சந்திப்பது தோட்டத்துக் கிராணியிடம் மட்டும்தான். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டபோது, எட்டு மாதச் சீட்டையும் பிளாக் வாரியாகக் கட்டி வைத்திருந்ததை எடுத்துப் போட்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

மென்பொருள் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் 95 சதவீதத் துல்லியம் என்று இருந்தது. மேனேஜரும் தலைமையகமும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மண்டோருடைய கண்ணுக்கு 95 வருமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அந்த எண் உண்மை என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

100 குலை வெட்டியதாக வைத்துக்கொள்வோம். நல்ல வெட்டுக்காரர், உண்மையான காய் 3 மட்டும். இயந்திரம் காயையும் பழத்தையும் நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்கிறது. 3 காயையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் மீதி 97 நல்ல குலையில் நூற்றுக்கு ஐந்து, அதாவது ஏறத்தாழ 5 குலையைத் தவறாகக் காய் என்று சொல்லும். ஆக ஒதுக்கிய 8-இல் 5 பழுத்தது. துல்லியம் 95 சதவீதம், ஆனால் காசு மறுத்த குலைகளில் பாதிக்கு மேல் தவறு. வெட்டுக்காரர் எவ்வளவு கவனமாக வெட்டுகிறாரோ அவ்வளவுக்கு இந்த விகிதம் மோசமாகும். காயே வெட்டாதவருக்கு ஒதுக்கியது எல்லாமே தப்பு.

இங்கேதான் குறைந்தபட்சச் சம்பளமும் குறுக்கே வருகிறது. மாதம் 1,700-ஐத் தொடாதவருக்குக் குலைக் காசு போனால் ஈட்டுத் தொகை அதை நிரப்பிவிடும், சம்பளச் சீட்டின் கடைசி வரியில் வித்தியாசம் தெரியாது. 1,700-க்கு மேல் சம்பாதிக்கும் திறமைசாலிக்கு எந்த ஈடும் இல்லை, போனது போனதுதான். மெதுவாக வெட்டுகிறவரின் நட்டத்தை நிறுவனம் தாங்கியது, வேகமாக வெட்டுகிறவரின் நட்டத்தை அவரே தாங்கினார். புகார் ஏன் வரவில்லை என்பதற்கும் இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தார்கள். பிரிட்டனின் அஞ்சலகக் கணினி விவகாரத்தைப் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. 1999-இல் வந்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பொய்ப் பற்றாக்குறைகளால் கிளை அஞ்சலகம் நடத்தியவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று அவர்களில் பலரிடம் சொல்லப்பட்டது. 2024-இல் தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. அளவில் ஒப்பிட முடியாது, நம்முடையது குலைக் காசு. நடந்த முறை ஒன்றுதான்.

சட்டம் எங்கே இடிக்கிறது

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சம்பளப் பிடித்தத்தைப் பற்றியது. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று அது வரிசைப்படுத்துகிறது. சிலவற்றுக்குத் தொழிலாளர் எழுதிக் கேட்க வேண்டும், சிலவற்றுக்குத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதி வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர், இது பிடித்தமே அல்ல, காய்க்குலைக்குக் கூலி இல்லை என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள நிபந்தனை என்றார். ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த வாதம் நிற்க, குலை உண்மையிலேயே காயாக இருந்திருக்க வேண்டும். பழுத்த குலையை வெட்டிக் கொடுத்து அதற்குக் கூலி வரவில்லை என்றால் அது கொடுக்காத சம்பளம். செயலி சரியா தப்பா என்பது இந்த இடத்தில் தொழில்நுட்பக் கேள்வியாக இருப்பதை விட்டுச் சம்பளப் பாக்கிக் கேள்வியாகிவிடுகிறது.

செம்பனைத் துறையில் சம்பளப் பாக்கி சின்ன விஷயம் கிடையாது. சம்பளத்தை நிறுத்திவைப்பது பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த 11 கட்டாய உழைப்பு அடையாளங்களில் ஒன்று. 2020-இல் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய இரண்டு மலேசியத் தோட்ட நிறுவனங்களின் எண்ணெய்க்கும் தடை போட்டது. சைம் டார்பி மீதான தடை நீங்க 2023 ஆனது. ஐரோப்பியச் சந்தைக்காக வாங்கிய செயலி வெளிநாட்டுச் சந்தையில் தலைவலி கொடுக்கக்கூடியதாக மாறிக்கொண்டிருந்தது. இடர்ப் பதிவேட்டில் இன்னும் 'போன் தொலையலாம்' என்றே இருந்தது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இன்னொரு பக்கம். வெட்டுக்காரர் எண், இடம், நேரம் எல்லாம் சேர்ந்த படம் தனிநபர் தரவு. ஆட்களிடம் கையெழுத்து வாங்கிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, சட்டம் கேட்பதும் அந்த இரண்டைத்தான். படிக்கத் தெரியாதவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதில் சட்டக் குற்றம் இல்லை. குற்றம் வேறு இடத்தில்: அறிவிப்பில் எழுதிய நோக்கம் குலை எங்கிருந்து வந்தது என்று பதிவு செய்வது. சம்பளம் தீர்மானிப்பது அதில் இல்லை. தரவை வேறு நோக்கத்துக்கு எடுக்குமுன் மறுபடி அறிவிக்க வேண்டும். 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூன் 1 முதல் சில நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றானது. ஆட்களைத் தொடர்ந்து முறையாகக் கண்காணிப்பதும் அதற்கான காரணங்களில் ஒன்று. இந்த நிறுவனம் அதிகாரியை நியமித்துவிட்டது. கணினிப் பிரிவுத் தலைவர்தான். தரம் பார்க்கும் வசதி ஒன்று இருப்பதே அவருக்கு என் கேள்வித்தாள் வழியாகத்தான் தெரிந்தது.

ஐரோப்பாவில் தரவுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, முழுக்க இயந்திரம் எடுக்கும் முடிவுக்கு எதிராக ஒரு பாதுகாப்புத் தருகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 2024 செப்டம்பரில் அறிவியல் அமைச்சு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆளுகை, நெறிமுறை வழிகாட்டியில் ஏழு கொள்கைகள் உண்டு. நியாயம், வெளிப்படை, பொறுப்புக்கூறல் எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பின்பற்றுவது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்த ஏழும் அழகாக அச்சாகியிருந்தன.

மூன்று வரிசை

உள்தணிக்கையாளர்கள் மூன்று வரிசை என்று ஒரு வரைபடம் வைத்திருப்பார்கள். வேலை செய்கிறவர்கள் முதல் வரிசை, இடரும் இணக்கமும் பார்க்கிறவர்கள் இரண்டாவது, சுயேச்சையான உள்தணிக்கை மூன்றாவது. மூன்றும் இங்கே இருந்தன. முதல் வரிசையான மண்டோர் திருத்தப் பயந்தார். இரண்டாவது வரிசை நன்றி மின்னஞ்சல் அனுப்பியது. மூன்றாவது வரிசை வருடத்துக்கு ஒருமுறை வந்து உர மூட்டையை எண்ணியது, டீசல் அளவுகோலைத் தொட்டியில் விட்டுப் பார்த்தது, செயலியில் கடவுச்சொல் எத்தனை எழுத்து என்று சோதித்தது. உரமும் டீசலும் திருடு போகிற சாமான், எண்ண வேண்டியதுதான். குலைக்கு யார் காசு மறுக்கிறார் என்று அவர்களுடைய சரிபார்ப்புப் பட்டியலில் வரி இல்லை, ஏனென்றால் பட்டியல் எழுதிய காலத்தில் அதை மறுத்தவர் மண்டோர், அவர் பக்கத்திலேயே நின்றார்.

என் அறிக்கையில் மற்றதையெல்லாம் விட அழுத்திச் சொன்னது ஒன்று: இந்த வசதிக்குச் சொந்தக்காரர் என்று பெயர் போட்ட ஒருவர் இல்லை. மேனேஜர் தலைமையகத்தைக் காட்டினார், தலைமையகம் மென்பொருள் நிறுவனத்தைக் காட்டியது, அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள். செயலியின் முடிவு ஆலோசனை மட்டுமே, இறுதித் தீர்மானம் வாடிக்கையாளருடையது என்று அது சொன்னது. சட்டப்படி அவர்கள் சரி.

செய்ததும் செய்யாததும்

முதல் வாரத்திலேயே செயலியின் தீர்ப்பைச் சம்பளத்திலிருந்து கழற்றினார்கள். இதற்கு ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னேன், கேட்டார்கள். மண்டோரின் திருத்த விகிதம் திரையிலிருந்து போனது. அதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை சில மேடைகளில் இரண்டு மண்டோர்கள் செயலி என்ன சொன்னது என்று பார்க்காமலே தனித்தனியாகத் தரம் எழுதுகிறார்கள். அந்தத் தாளும் ஆலைச் சீட்டும் செயலிக் கணக்கும் பிளாக் வாரியாக ஒரே பக்கத்தில் வருகின்றன. உதவி மேனேஜர் கையெழுத்திட, அது நேரே தணிக்கைக் குழுவுக்குப் போகிறது. மறுப்பு மணி நேரத்தில் எண்ணப்படுவதில்லை, தோட்ட ஆபீசின் வேலை நாளில் எண்ணப்படுகிறது. கேட்டு முடிவு சொல்கிறவர் உதவி மேனேஜர். செயலிக்குள் புதிய வசதி வந்தால், காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அது சம்பளத்தையோ வேலையையோ தொடுமா என்ற ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

தலைமையகம் ஒரு செயற்கை நுண்ணறிவு நெறிமுறைக் குழுவையும் அமைத்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. குழுவில் இருப்பவர்கள் ஒருவர்கூடக் குலையைப் புரட்டிப் பார்த்தவர் கிடையாது. அந்தக் கிராணியை அதில் போடுங்கள் என்று எழுதினேன். பதவி தகுதி பற்றி ஏதோ பதில் வந்தது.

பாக்கிச் சம்பளம்தான் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு குலையாகத் திரும்பிப் பார்க்கப் படங்கள் வேண்டும். மென்பொருள் நிறுவனம் 90 நாளுக்கு மேற்பட்ட படங்களை அழித்துவிட்டிருந்தது, அது அவர்களின் வழக்கமான அமைப்பு. தொழிலாளர் பதிவேடுகளை 6 ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. சம்பளத்தைத் தீர்மானித்த படம் அந்தப் பதிவேட்டின் பகுதியா என்பதில் இரண்டு வழக்கறிஞர்கள் இரண்டு கருத்து சொல்கிறார்கள். விரெசென்ஸ் பிளாக்கில் ஏற்காத குலை எல்லாவற்றுக்கும் முழுக் காசு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. மற்ற பிளாக்குகளில் ஆலைச் சீட்டு காட்டும் விகிதத்தை வைத்து ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. ஆள் வாரியாகக் கணக்கிட வேண்டும் என்பது தொழிற்சங்கத்தின் வாதம். விகிதப்படி கொடுத்தால், காயே வெட்டாத நல்ல வெட்டுக்காரருக்கு மறுபடியும் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால் நான் சங்கத்தின் பக்கம். இதற்கிடையே ஒப்பந்தம் முடிந்து லோம்போக்குக்குத் திரும்பிப்போனவர்களின் வங்கிக் கணக்குகள் மூடப்பட்டுவிட்டன. அவர்களுக்கு எப்படி அனுப்புவது என்று மனிதவளப் பிரிவு முகவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

செயலியின் ஒப்பந்தப் புதுப்பிப்பு இப்போது மேசையில் இருக்கிறது. இருப்பிடப் பதிவு வேண்டும், தரம் பார்ப்பது வேண்டாம் என்று தோட்டம் கேட்கிறது. இரண்டும் ஒரே தொகுப்பு, பிரிக்க முடியாது என்கிறது மென்பொருள் நிறுவனம். தர வசதியை அணைக்கும் அதிகாரம் தோட்டத்திடம் இருக்க வேண்டும், செயலிக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை மாற்றுமுன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், பிளாக் வாரியாகப் பிழை விகிதம் தர வேண்டும், சம்பளத் தகராறு தீரும்வரை படத்தை அழிக்கக் கூடாது என்று நான்கு நிபந்தனைகளோடு கடிதம் போயிருக்கிறது. முதல் இரண்டுக்குச் சம்மதம் வந்திருக்கிறது.